விருத்தாசலத்தில் வெயிலுக்கா பஞ்சம்? வளரும் பிள்ளைகளின் உடம்பில் வைட்டமின் டி உண்மையில் என்ன செய்கிறது?

விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் ஒருவரிடம், "உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கும் வைட்டமின் டி குறைய வாய்ப்பிருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டுப் போய்விடுவார். நெய்வேலி சுரங்கத்துக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாதனப் பீங்கான் என்று எதைச் செய்தாலும் கடைசியில் சூளைக்குள் போய்த்தான் ஆக வேண்டும். உள்ளே சூளை, வெளியே கத்திரி வெயில். இந்த ஊரில் வெயில் சத்து குறையுமா?

குறையலாம். 2016-18ல் மத்திய அரசு நடத்திய விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், இந்தியாவில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைபாடு இருந்தது. 5 முதல் 9 வயதில் 18 சதவீதம், 10 முதல் 19 வயதில் 24 சதவீதம். வயது ஏற ஏற குறைபாடும் ஏறுவதைக் கவனியுங்கள். பஞ்சாப் போன்ற வட மாநிலங்களில் நிலைமை இன்னும் மோசம். ஆனால் தெற்கில் இருப்பதாலேயே நாம் தப்பித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடந்த ஒன்றிரண்டு வருஷமாக ஃபிட்னஸ் வீடியோக்களில் ஒரு புதுக் கதை ஓடுகிறது. வைட்டமின் டி-யை நிறைய எடுத்தால் சாப்பிடும் கலோரி கொழுப்பாகாமல் தசைக்குப் போகுமாம். ஒல்லியான பிள்ளைக்கு உடம்பு தேறும், குண்டான பிள்ளைக்குத் தொப்பை குறையும் என்று அடுத்த கட்டத்துக்கும் அதை இழுத்துவிட்டார்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால், மெடிக்கல் ஷாப்பில் ஒரு சாஷே வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்று தோன்றும்தானே?

வாங்குவதற்கு முன்னால், எலியிடம் என்ன கிடைத்தது, மனுஷப் பிள்ளைகளிடம் என்ன கிடைத்தது என்று பார்த்துவிடலாம். இதற்கான நல்ல ஆய்வுகளில் இரண்டு இந்தியாவிலேயே நடந்திருக்கின்றன.

வெப்பம் வேறு, புற ஊதா வேறு

முதலில் வெயில் கணக்கு. நம் தோலில் கொலஸ்ட்ராலுக்குச் சொந்தக்காரப் பொருள் ஒன்று இருக்கிறது. அதன்மேல் சூரிய ஒளியின் புற ஊதா பி கதிர் பட்டால் அது வைட்டமின் டி-யாக மாறும். பிறகு கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் இரண்டு மாற்றங்கள் நடந்த பிறகுதான் உடம்பு அதைப் பயன்படுத்தும்.

இதில் வெப்பத்துக்கு வேலையே இல்லை. 1,000 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும் சூளைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க நின்றாலும் வியர்வைதான் வரும். சூளை தருவது வெப்பக் கதிர், அதில் புற ஊதா பி கிடையாது. ஷெட்டுக்குள் வேலை செய்பவருக்கும், ஏ.சி. அறையில் லேப்டாப் பார்ப்பவருக்கும் இந்த ஒரு விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலும் அப்படித்தான். சாதாரணக் கண்ணாடியே அந்தக் கதிரில் பெரும்பகுதியை நிறுத்திவிடும்.

அப்புறம் நேரம். "காலை இளவெயில் உடம்புக்கு நல்லது" என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தோம். திருப்பதியில் மருத்துவர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தோலில் இருக்கும் அந்த மூலப்பொருளைச் சிறு குப்பிகளில் அடைத்து, பகலின் வெவ்வேறு நேரங்களில் வெயிலில் வைத்தார்கள். வைட்டமின் டி ஓரளவுக்கு உருவானது காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணிக்குள்தான். திருப்பதி நமக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் ஊர், அவ்வளவுதான் வித்தியாசம். ஏழு மணி வெயிலில் நடப்பது மனசுக்கு நல்லது, முழங்காலுக்கு நல்லது. வைட்டமின் டி-க்கு அது பெரிதாக உதவாது.

அந்தப் பக்கத்து மக்களின் ரத்தத்தையும் அதே குழு பரிசோதித்தது. நாள் முழுக்க வயலில் நிற்கும் கிராமத்து மக்களுக்கு நகரவாசிகளைவிட அளவு அதிகமாக இருந்தது. ஆனாலும் கிராமத்திலும் நிறையப் பேருக்குப் போதுமான அளவு இல்லை. வெயில் இருந்தால் மட்டும் போதாது. அது தோலில் படணும், சரியான நேரத்தில் படணும். நம்மைப் போன்ற மாநிறத் தோலுக்கு வெள்ளைத் தோலைவிட அதிக நேரம் வேறு தேவை.

இப்போது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் நாளை நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்கு வேன். 11 முதல் 2 வரை வகுப்பறை. சாயங்காலம் டியூஷன். நடுவில் வரும் பி.டி. பீரியட்டை மேத்ஸ் சார் கடன் வாங்கிக்கொள்வார். (இது மீம் மட்டும் இல்லை. விளையாட்டு பீரியட்டைக் கடன் கேட்காதீர்கள் என்று உதயநிதி ஸ்டாலினே மேடையில் சொல்லும் அளவுக்கு ஊரறிந்த பிரச்னை.) பத்து வயதைத் தாண்டினால் குறைபாடு 24 சதவீதமாக ஏறுவதில் இந்த டைம்டேபிளுக்கும் பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு.

சுண்டெலிக்குத் தசை கூடியது உண்மைதான்

அந்த ஃபிட்னஸ் கதை ஒன்றும் காற்றில் வந்ததில்லை. 2024ல் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை இணையத்தில் வெளியிட்டார்கள். சுண்டெலிகளுக்கு உணவில் வைட்டமின் டி-யைக் குறைவு, இயல்பு, அதிகம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதிகம் பெற்ற எலிகளுக்கு எடை கூடவில்லை, ஆனால் பிடிவலு கூடியது. மிஞ்சிய கலோரி கொழுப்பில் சேர்வதற்குப் பதிலாகத் தசைக்கும் வளர்ச்சிக்கும் போனது.

எப்படி? தசை அளவுக்கு மீறி வளராமல் பிரேக் போடும் மயோஸ்டாட்டின் என்ற புரதம் குறைந்தது. "கொழுப்பு போதுமான அளவு இருக்கு" என்று மூளைக்குத் தகவல் சொல்லும் லெப்டின் ஹார்மோனின் வேலை கூடியது. சுவாரஸ்யமான கண்டுபிடிப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் இது கூண்டில் வளரும், எல்லாம் ஒரே தீனி தின்னும் எலிகள். அவற்றுக்குக் கொடுத்த அளவை மனுஷக் குழந்தைக்கு அப்படியே பெருக்கிப் பார்க்கக் கூடாது. ரீல்ஸில் இந்த இடத்தை மட்டும் கட் பண்ணிவிடுகிறார்கள்.

மைசூருவில் ஒரு பதில், டெல்லியில் வேறு பதில்

அங்கன்வாடியில் குழந்தையின் மேல்கையில் டேப் சுற்றி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சுற்றளவோடு, தோலை மெல்லக் கிள்ளிப் பிடித்து அதன் தடிமனையும் அளந்தால், கையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று கணக்குப் போடலாம். அடுத்து வரும் இரண்டு ஆய்வுகளும் இந்தக் கைக் கணக்கை நம்பியவை.

மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் மெமோரியல் மருத்துவமனையில் பிரசவம் பார்த்த 568 தாய்மார்களைக் கர்ப்ப காலத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து வைத்திருந்தார்கள். அவர்களில் 67 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு. மைசூருவும் வெயில் அடிக்கும் தென்னிந்திய ஊர்தான் என்பதை நினைவில் வையுங்கள். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளை 5 வயதிலும் ஒன்பதரை வயதிலும் அளந்து 2011ல் முடிவை வெளியிட்டார்கள். குறைபாடு இருந்த அம்மாக்களின் பிள்ளைகளுக்குக் கைத் தசையின் பரப்பு குறைவு. ஒன்பதரை வயதில் இன்சுலினுக்கு உடம்பு சரியாகக் கீழ்ப்படியாத தன்மையும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆனால் பிடிவலுவில் வித்தியாசம் இல்லை.

படித்ததும் "ஆஹா, அப்போ டி கொடுத்தா தசை வரும்" என்றுதான் தோன்றும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். இது கவனித்துப் பார்த்த ஆய்வு. யாருக்கும் எதையும் கொடுத்துப் பார்க்கவில்லை. வைட்டமின் டி குறைந்த அம்மாவுக்கு வேறு என்னென்ன குறைந்திருக்கும்? வெளியே நடமாட்டம், பால், முட்டை, மீன், இப்படி எதுவாகவும் இருக்கலாம். தசை குறைந்ததற்குக் காரணம் அவற்றில் ஒன்றாகவும் இருக்கலாம், டி-யாகவும் இருக்கலாம்.

கொடுத்துப் பார்த்த ஆய்வு டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையில் நடந்தது. நிறைமாதத்தில், ஆனால் எடை குறைவாகப் பிறந்த 2,079 குழந்தைகள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் 1,400 ஐ.யூ. வைட்டமின் டி, மறுபாதிக்கு வெறும் மருந்து. ஆறு மாதம் இப்படிப் போனது. இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறையுமா என்பதுதான் முக்கியக் கேள்வி. குறையவில்லை. ஆனால் ஆறு மாத முடிவில் டி வாங்கிய குழந்தைகள் எடை, நீளம், கைச் சுற்றளவு மூன்றிலும் கொஞ்சம் முந்தியிருந்தார்கள். 2011ல் இது வெளியானபோது நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ரீல்ஸ்காரர்களுக்கு வசதி. அதே பிள்ளைகளில் 912 பேரை 3 முதல் 6 வயதில் திரும்பத் தேடிப் பிடித்து அளந்தார்கள். எலும்பில் வித்தியாசம் இல்லை. ஓட்டம், தாவல் போன்ற உடல் திறன்களிலும் வித்தியாசம் இல்லை. பி.எம்.ஐ.யும் கைத் தசைப் பரப்பும்? டி வாங்கியவர்களுக்குத்தான் சற்றே குறைவு! வித்தியாசம் ரொம்பச் சின்னது. "டி கொடுத்தால் தசை குறையும்" என்று பயப்படும் அளவுக்கு இல்லை. ஆனால் தசை கூடும் என்று சொல்ல இடமே இல்லை.

"பச்சைக் குழந்தைக்குக் கொடுத்த அளவு கம்மி, பள்ளிக்கூட வயசில் நிறையக் கொடுத்துப் பார்த்தால்?" என்று கேட்கலாம். அதையும் பார்த்தாச்சு. மங்கோலியாவின் உலான்பாத்தரில் 6 முதல் 13 வயது வரையுள்ள 8,851 பிள்ளைகளுக்கு, வாரம் 14,000 ஐ.யூ. அல்லது வெறும் மருந்து, மூன்று வருஷம். தொடங்கும்போது 95 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அளவு குறைவு. மருந்து வேலை செய்வதானால் அங்கேதான் செய்திருக்கணும். வாங்கியவர்களின் ரத்தத்தில் வைட்டமின் டி நன்றாகவே ஏறியது. உயரம், பி.எம்.ஐ., உடம்புக் கொழுப்பின் சதவீதம், பருவமடையும் வேகம் எதுவும் மாறவில்லை. 2023ல் வெளியான முடிவு இது.

அப்படியானால் குண்டான பிள்ளைகளுக்கு டி குறைவாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றனவே? அது நிஜம், ஆனால் அம்புக்குறி எதிர்ப் பக்கம் போகிறது. வைட்டமின் டி கொழுப்பில் கரையும் சத்து. கொழுப்பு அதிகமான உடம்பில் அது அங்கேயே பரவித் தங்கிவிடும், ரத்தத்தில் குறைவாகத் தெரியும். விமலேஸ்வரன் முதலாசிரியராக இருந்த 2013 ஆய்வு ஒன்று, சுமார் 42,000 பேரின் மரபணுத் தகவலை வைத்து இதைச் சோதித்தது. பி.எம்.ஐ. 10 சதவீதம் கூடினால் வைட்டமின் டி சுமார் 4 சதவீதம் குறைகிறது. டி குறைவதால் உடம்பு பெருக்கிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்போ டி தேவையே இல்லையா?

அப்படி இல்லை. ரொம்பக் குறைந்தால் வளரும் எலும்பு கெட்டிப்படாது. கால் வளையும், மணிக்கட்டு புடைக்கும். ரிக்கெட்ஸ் என்று பாடத்தில் படித்தது இதைத்தான். தசையும் பாதிக்கப்படும். படியேற, தரையிலிருந்து எழுந்திருக்கப் பிள்ளை சிரமப்படும். 18, 20 வயதுக்குள் எலும்பின் உச்ச அடர்த்தியில் ஏறக்குறைய 90 சதவீதம் சேர்ந்துவிடும். பச்சைக் களிமண்ணாக இருக்கும்போது விட்ட விரிசலைச் சுட்ட பிறகு அடைக்க முடியாது என்பது விருத்தாசலத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆக, பள்ளத்தில் இருப்பவரை மேட்டுக்கு ஏற்ற டி உதவும். மேட்டில் இருப்பவரை மலையேற்ற உதவாது. தசைக்கான பொறுப்பு புரதத்துக்கும் விளையாட்டுக்கும். எலும்புக்கு டி-யோடு கால்சியமும் வேணும். திருப்பதி ஆய்விலும் டி குறைவோடு சேர்ந்தே நின்றது உணவில் கால்சியம் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. கடலூர் மாவட்டத்தில் கூழைப் பற்றி விளக்கம் வேண்டாம்.

நம்ம பிள்ளைகளுக்குத் தசை விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக் இந்தியக் குழந்தைகளை "ஒல்லிக் குண்டு" என்று வர்ணித்தார். பிறக்கும்போது எடை குறைவு, தசை குறைவு, ஆனால் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறைவதில்லை. பின்னாளில் சர்க்கரை நோய்க்கு இது ஒரு வாசல் என்பது அவர் வாதம். 2023 கணக்குப்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். அதனால்தான் "கொழுப்பைத் தசையாக்கும் சத்து" என்று யாராவது சொன்னால் நம் காது அவ்வளவு சீக்கிரம் திறந்துகொள்கிறது.

தட்டில் எவ்வளவு இருக்கிறது?

ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் சொன்ன கணக்குப்படி பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 600 ஐ.யூ., பச்சைக் குழந்தைக்கு 400. இதைச் சாப்பாட்டிலேயே எட்ட முடியுமா?

ஒரு முட்டையில் சுமார் 40 ஐ.யூ. அரசுப் பள்ளிச் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை உண்டு. (தனியார் பள்ளிப் பிள்ளையின் டிபன் பாக்ஸில் அது உண்டா என்பது வீட்டைப் பொறுத்தது.) செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 ஐ.யூ. சேர்க்கலாம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அதாவது 200 மில்லி டம்ளருக்கு 40 முதல் 60. எல்லாப் பாலிலும் இது இருக்காது. ஆவினில் ஊதா நிற டிலைட் பாக்கெட்டில் ஏ, டி சேர்த்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

ரேஷன் பாமாயிலும் ஏ, டி சேர்த்ததுதான். செறிவூட்டிய எண்ணெயில் கிராமுக்கு 4.4 முதல் 6.4 ஐ.யூ. கார்டுக்கு மாதம் ஒரு லிட்டர், வீட்டில் நாலு பேர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு கிராம் வரும். அதில் கிடைப்பது 35 முதல் 50 ஐ.யூ. விருத்தாசலம் பக்கம் கடலை விளையும் பூமி, செக்குக் கடலெண்ணெய் வாங்குவதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ருசிக்கு நான் அதன் கட்சிதான். ஆனால் அதில் வைட்டமின் டி கிடையாது.

கூட்டிப் பாருங்கள். முட்டை, ஒரு டம்ளர் பால், எண்ணெய் எல்லாம் சேர்த்து 130, 140 ஐ.யூ. தேவையில் கால்வாசிக்கும் குறைவு. கடலூர் பக்கமிருந்து வரும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன் வாரம் ஒன்றிரண்டு தடவை சேர்ந்தால் கணக்கு ஏறும். சைவ வீட்டில் அந்த வழியும் இல்லை. மீதியை வெயில்தான் தரணும்.

எப்போது என்று கண்டுபிடிக்க ஆப் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அந்தக் கதிர் கீழே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முகம், கை, கால் திறந்திருக்க, கொஞ்ச நேரம் வாரத்தில் சில நாள் போதும். தோல் சிவந்து எரியும்வரை நிற்கக் கூடாது. கத்திரியில் மதியம் பிள்ளையை வெளியே நிறுத்தச் சொல்லவில்லை. அந்த மாதங்களில் பத்து மணிக்கே நிழல் குட்டையாகிவிடும்.

லேப் ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு

இன்னொரு குழப்பம். பிள்ளைக்கு டெஸ்ட் எடுத்து 24 நானோகிராம் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பல லேப்கள் 30க்குக் கீழே இருந்தாலே "போதவில்லை" என்று குறித்துத் தருகின்றன. ஆனால் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அளவுகோலில் 20க்கு மேல் இருந்தால் போதும், 12க்குக் கீழேதான் குறைபாடு. மேலே சொன்ன தேசிய ஆய்வின் 24 சதவீதமும் அந்த 12 என்ற கோட்டை வைத்துப் போட்டதுதான். மைசூருவின் 67 சதவீதம் 20 என்ற கோட்டில். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதிலேயே பாதி பீதி இருக்கிறது. 30 என்ற இலக்கை 2011ல் பிரபலமாக்கிய அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியே 2024ல் அதைக் கைவிட்டது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு வழக்கமாக டெஸ்ட் எடுக்கவும் வேண்டாம் என்றது.

அடுத்தது அந்த சாஷே. அதில் 60,000 ஐ.யூ. இருக்கும். பிள்ளையின் 100 நாள் தேவை ஒரே மடக்கில். டாக்டர் குறைபாட்டுக்கு எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன இடைவெளியில், சொன்ன வாரங்களுக்குக் கொடுக்கலாம், அதற்காக வந்த மருந்துதான். உடம்பு தேறட்டும் என்று நாமாகவே வாரா வாரம் கொடுத்தால், கொழுப்பில் கரையும் சத்து என்பதால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று ஆரம்பித்து சிறுநீரகத்தில் போய் நிற்கும். ஏற்கெனவே சாஷே கொடுத்துக்கொண்டிருக்கும் வீட்டில் இந்த அறிகுறிகள் தெரிந்தால், மருந்தை நிறுத்திவிட்டு, காலி சாஷேக்களையும் எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரைப் பாருங்கள். எத்தனை கொடுத்தீர்கள், எத்தனை வாரமாக என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார்.